கோப்பையின் வாய் வட்டமில்லை

நான் முதன்முதலில் வரைந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்தார். பக்கவாதம் வந்து ஏழு வாரம் கழித்து அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. வாயின் வலது பக்கம் அசையவில்லை, இடது பக்கம் மட்டும் மேலே ஏறிய அரைச் சிரிப்பு. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ சுள்ளென்று கோபம் வந்தது. அரை மணி நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்த படம் அது.

"என்னாங்க சிரிப்பு? கோப்பதானே இது?"

"சரி," என்றார்.

அந்த 'சரி'யை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அவரிடம் மிச்சமிருந்த ஒரே சொல் அதுதான். தலவாக்கலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் அவர் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடி வயதேறி உயர்ந்துவிட்டால் அதன் தலையைக் கத்தியால் வீசி வெட்டி மட்டப்படுத்துகிற வேலை. கத்தியோடு மலையில் நின்றவர் ஒரு நாள் காலை அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து உயிரோடு திருப்பித் தந்தார்கள். வலது கையும் காலும் மரத்துப்போயிருந்தன. பேச்சு போயிருந்தது. எப்படியோ இந்த ஒரு சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. பசித்தால் 'சரி', வலித்தால் 'சரி', வேண்டாம் என்பதற்கும் 'சரி'. தலையாட்டலையும் நம்ப முடியாது. ஆமாம் என்று ஆட்ட நினைத்து இல்லை என்று ஆட்டிவிடுவார், பிறகு தானே திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ் சிங்களப் பிள்ளை. அவருடைய தமிழும் அளவோடு, என்னுடைய சிங்களமும் அளவோடு. இரண்டையும் கலந்து எப்படியோ பேசிக்கொண்டோம். "தலைக்குள்ள எல்லாம் இருக்கு அக்கா. வார்த்தைதான் வெளிய வரல்ல. படம் காட்டிக் கேளுங்க," என்று சொல்லி, படங்கள் அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தார். படம் சரியென்றால் இடது உள்ளங்கையை அதன்மேல் வைக்க வேண்டும், தப்பென்றால் தள்ளிவிட வேண்டும். இதை இவருக்குப் பழக்கிக் கொடுத்ததும் அவர்தான். அட்டையில் மெத்தைக் கட்டில், பளபளவென்று ஒரு குழாய், ஒரு ஆப்பிள் எல்லாம் இருந்தன. வீட்டுக்கு வந்து காட்டினேன். இவர் அதை யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கல்யாண ஆல்பம் மாதிரி மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த கிளினிக்கில் சொன்னபோது மிஸ்ஸே சிரித்தார். "அப்ப உங்க வீட்டுச் சாமான நீங்களே வரைஞ்சு காட்டுங்க அக்கா."

போனில் படம் எடுத்துக் காட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தேன். இவர் சரி என்று கையை வைத்ததும் திரையில் அந்தப் படம் நழுவிப்போய் எங்கள் மச்சான் மகள் பூப்புனித நீராட்டு விழா வந்து நிற்கும். குடிக்கத் தண்ணீர் கேட்ட மனுஷன் அந்தப் பிள்ளையின் மாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நாளில் இருவருக்கும் போன் வெறுத்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் வேலை. வீட்டில் இருப்பது நானும் இவரும் மட்டும். வேறு யார் வரைவது?

நான் கடைசியாகப் படம் வரைந்தது ஐந்தாம் வகுப்பில். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை மரம். எங்கள் மலையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு தென்னை கிடையாது. ஆனாலும் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் தென்னைதான் வரைந்தோம். டீச்சர் நாற்பது பேருக்கும் சரி போட்டார். இதெல்லாம் இப்போதுதான் யோசிக்கிறேன்.

கோப்பைக்கு வருகிறேன். மேலே ஒரு முழு வட்டம் போட்டிருந்தேன். கீழே நேர்கோடு. பக்கத்தில் ஒரு காது. கோப்பையின் வாய் வட்டம்தானே? விரலை விட்டுச் சுற்றினால் வட்டமாகத்தான் போகிறது. பிறகு ஏன் என் படத்தில் அது கவிழப்போகிற மாதிரி இருக்கிறது? இவர் சிரித்ததில் ரோஷம் வந்து, அந்த நீலக் கரை போட்ட கோப்பையைக் கையில் எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தேன். வட்டத்தைக் காணோம். வாய் இருந்த இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. மெல்லக் கீழே இறக்கினேன். கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து முட்டை வடிவமானது. தரையில் வைத்து எழுந்து நின்று குனிந்து பார்த்தபோதுதான் முழு வட்டம் கிடைத்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி இறக்கினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டில் இருக்கிற அக்கா, நான் மலைக்குப் போகிற நேரமெல்லாம் இவரைப் பார்த்துக்கொள்கிறவர், வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டார்.

"என்னாடி, கோப்பைக்குத் தீவாரணை காட்டுறியா?"

"அக்கா, இங்க வாங்களேன். இது வட்டமா, சொல்லுங்க."

"ஒனக்கும் ஏதும் ஆயிருச்சா?" என்று கேட்டாரே தவிர, அவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நாற்பத்தேழு வருஷமாக நான் தேத்தண்ணி குடிக்கிறேன், அக்கா அறுபது வருஷமாகக் குடிக்கிறார். இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது கோப்பைக்கு முட்டை வடிவ வாய் வைத்தேன். அடியையும் அதே மாதிரி கொஞ்சம் வளைத்தேன். இவர் பார்த்தார். உடனே உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார். சின்ன விஷயம்தான். ஆனால் ஏழு வாரத்தில் முதல் தடவையாக அவர் கேட்டதை நான் கொடுத்திருந்தேன். அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. போர்வை, வாளி, தலையணை, வேட்டி, மருந்துப் போத்தல், ரொட்டி. ரொட்டிதான் சுலபம் என்று நினைத்தேன், அதைத்தான் மூன்று தடவை தள்ளினார். நான் போட்ட வட்டம் ரொட்டியாகவும் இருக்கலாம், நிலாவாகவும் இருக்கலாம், தட்டாகவும் இருக்கலாம். கருகின புள்ளிகளை வைத்து ஓரத்தைப் பிய்த்து வரைந்த பிறகுதான் கை வைத்தார். என்னைச் சொல்லிக் குற்றமில்லை, நான் ரொட்டியைப் பார்க்காமல் 'ரொட்டி' என்ற நினைப்பை வரைந்துகொண்டிருந்தேன். பொருளைப் பார்க்கிற நேரம் அதிகமாகவும் தாளைப் பார்க்கிற நேரம் குறைவாகவும் இருந்தால் படம் தானாகத் திருந்துகிறது என்பது எனக்கு அடுப்படியில் விளங்கியது.

பள்ளிக்கூடப் பென்சில் போடுகிற கோடு இவருடைய கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது. தலவாக்கலை டவுனில், நானா என்று நாங்கள் கூப்பிடுகிற புத்தகக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"படம் வரையிறதுக்கா? அப்ப நாலு பி பென்சில் எடுங்க, நல்லாக் கறுப்பா விழும். யாருக்கு, பேரப்புள்ளைக்கா?"

"எனக்குத்தான் நானா."

மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்தார். தலையில் முக்காடு, கையில் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். அப்புறம் அழிரப்பர் ஒன்றையும் எடுத்துப் பென்சிலோடு வைத்தார். "இதுதான் கூட வேணும்," என்றார். நியாயமான பேச்சு.

மலையிலும் கண் சும்மா இருக்க மறுத்தது. முன் நிரையில் நிற்கிறவளின் கூடைக் கயிறு நெற்றியிலிருந்து எந்தச் சாய்வில் இறங்குகிறது? பக்கத்து மலை பச்சை, அதற்குப் பின்னால் இருக்கிற மலை ஏன் நீலம், அதற்கும் பின்னால் இருக்கிறது ஏன் வெளுத்த சாம்பல்? எல்லாம் ஒரே தேயிலைதானே? கங்காணி இரண்டு தடவை கத்தினார், "கொழுந்தப் பாரு தாயி, மலைய எவனும் தூக்கிக்கிட்டுப் போகமாட்டான்!"

இப்படி நான் தேறிக்கொண்டு வந்த நேரத்தில்தான் மழைக்காலம் பிடித்தது. மழை பிடித்த வாரத்திலேயே இவர் ஒரு புதுச் சைகை தொடங்கினார்.

இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்குவார். விரல்களைச் சேர்த்து இடமிருந்து வலமாக ஒரு வீச்சு வீசுவார். மறுபடி தூக்குவார், மறுபடி வீசுவார். "சரி, சரி, சரி," என்பார். கெஞ்சுகிற குரலில் தொடங்கி அதட்டலில் போய் முடியும். காலையில் நான் புறப்படும்போது ஒரு தடவை, பின்னேரம் திரும்பி வந்ததும் ஒரு தடவை. பகலிலும் வீசுகிறார் என்று அக்கா சொன்னார்.

அது என்ன சைகை என்று எங்கள் லயத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கவ்வாத்து வெட்டு. கத்தி வீசுவது அப்படித்தான், அந்த உயரத்தில், அந்தச் சாய்வில். வேறு ஊரில் இருக்கிறவர்கள் என்றால் வேறு எதையாவது நினைத்திருப்பார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து அந்த வீச்சைப் பார்த்தவர்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேலைக்குப் போவணும்னு கேக்குறாருடி. பாவம்," என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கவ்வாத்துக் கத்தியை வரைந்தேன். வளைந்த நுனி, தேய்ந்த மரப்பிடி, பிடியில் இவர் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் துண்டு எல்லாம் வைத்து வரைந்தேன். நான் அதுவரை வரைந்ததில் அதுதான் நல்ல படம். தள்ளிவிட்டார். மங்கலாக இருக்கிறதோ என்று பெரிதாக வரைந்தேன். தள்ளிவிட்டார். நிஜக் கத்தியையே கொண்டுவந்து மடியில் வைத்தேன். அதையும் தள்ளினார், அது தரையில் விழுந்து நாங்கள் இரண்டு பேருமே பயந்துபோனோம். கையை மறுபடி தூக்கி வீசினார். அந்த வாரத்தில் நோட்டுக் கொப்பியில் பாதி தீர்ந்தது. கத்தி தீட்டும் கல், மழைத் தொப்பி, கம்பளி, எல்லாம் தள்ளுபடி. ஒரு மனிதர் தினமும் எதையோ கேட்கிறார், அவர் கேட்பதை விளங்கிக்கொள்ள உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், எனக்கு விளங்கவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, கத்தி இல்லையென்றால் செடியாக இருக்கலாம். பாதியில் விட்டுவந்த மலையை நினைக்கிறாரோ என்று தோன்றியது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொப்பியை எடுத்துக்கொண்டு லயத்துக்குக் கீழே இருக்கிற தேயிலை ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஒரு கொழுந்தைத் தேர்ந்தெடுத்து, நன்றாகப் பார்த்து, முதல் இலையை வரைந்தேன். இரண்டாவது இலையை வரைந்தேன். குருத்தைப் பார்க்க நிமிர்ந்தேன். கொழுந்தைக் காணோம்.

என் இடது கையில் இருந்தது. வலது கை வரைந்துகொண்டிருக்கும்போது இடது கை அதைப் பறித்துவிட்டிருக்கிறது. எனக்கே தெரியாது. சரியென்று பக்கத்தில் இன்னொன்றைப் பார்த்து வரையத் தொடங்கினேன். ஒரு இலைகூட முடியவில்லை, அதுவும் கையில். மூன்றாவதையும் பறித்துவிட்டேன். பீலியில், மலைத் தண்ணீர் விழுகிற குழாயடியில், துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் இதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஞாயித்துக்கெழமையும் கொழுந்தாக்கா? யாருக்குக் கணக்குக் காட்டப் போறீங்க?" எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்தைப் பார்த்த உடனே பறித்திருக்கிறேன். பறிக்காமல் பார்த்ததே இல்லை. கடைசியில் இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அப்படி உட்கார்ந்து பார்த்த பிறகு கொழுந்து வேறு ஏதோ ஒன்றாக இருந்தது. குருத்தில் மெல்லிய வெள்ளை மயிர். இலையின் ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள், நுனிப் பக்கம் நெருக்கமாகவும் காம்புப் பக்கம் அகலமாகவும். இரண்டு இலைகளும் ஒரே பக்கம் பார்க்கவில்லை, ஒன்று என்னைப் பார்த்தால் மற்றது அடுத்த வீட்டைப் பார்த்தது. இத்தனை கோடி கொழுந்தைப் பறித்திருக்கிறேன், ஒன்றையும் கண்ணால் கண்டதில்லையே என்று திகைப்பாக இருந்தது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதைப் பார்க்காமல் விட முடியுமா? முடிந்திருக்கிறதே.

படத்தை இவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். விரலால் இலை ஓரத்தைத் தடவினார். பிடித்திருந்தது என்று தெரிந்தது. ஆனால் உள்ளங்கையை வைக்கவில்லை. மெதுவாக, கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற மாதிரி, தள்ளினார். பிறகு கையைத் தூக்கி வீசினார். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். வீசும்போது அவருடைய கண் சன்னலைப் பார்த்தது.

அவருடைய கட்டில் முன் காம்பராவில், சன்னலுக்கு எதிர்ச் சுவரோடு போட்டிருக்கிறது. சன்னலுக்கு வெளியே இஸ்தோப்பு, அதாவது எங்கள் லயத்தின் முன் தாழ்வாரம். அதற்கப்பால் முற்றம், முற்றத்துக்கு எதிரே மலை. சன்னலைத்தான் கேட்கிறார் போலும், மலையைப் பார்க்க ஆசைப்படுகிறார் போலும் என்று நினைத்து, அடுத்த நாள் பின்னேரம் சன்னலருகே நின்று, கொப்பியைச் சன்னல் கட்டையில் வைத்து வரைந்தேன். அதுவரை கற்ற வித்தை எல்லாவற்றையும் அதில் இறக்கினேன். பக்கத்தில் இருக்கிற கம்பிகளுக்கு அழுத்தமான கோடு, தூரத்து மலைக்குத் தொட்டும் தொடாத கோடு. மலையில் வளைந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதை, வளைவில் நிற்கிற ஒரு சவுக்கு மரம். இஸ்தோப்புக் கொடியில் என் படங்கு தொங்கியது. மழைக்கும் முள்ளுக்கும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக் கட்டுகிற கனத்த கறுப்பு விரிப்பு அது. மழைக்காலத்தில் ஒரே நாளில் காயாது என்பதால் எங்களிடம் ஆளுக்கு இரண்டு இருக்கும். ஒன்று இடுப்பில், ஒன்று கொடியில். கொடி என் நெஞ்சு உயரம். அதற்கு மேலால் எனக்கு மலை நன்றாகத் தெரிந்தது. படங்கை நான் வரையவில்லை. அவ்வளவு அழகான படத்தில் ஈரப் படங்குக்கு என்ன வேலை?

பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன். இவர் பார்த்தார். என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினார். நோய் வந்த பிறகு அவர் பென்சிலைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இடது முஷ்டிக்குள் அதை இறுகப் பிடித்துக்கொண்டு என் சன்னலுக்குள் கறுப்பாகக் கிறுக்கத் தொடங்கினார். பாதை போயிற்று. சவுக்கு மரம் போயிற்று. நாலு பி பென்சில், நானா சொன்ன மாதிரியே நல்லாக் கறுப்பாக விழுந்தது. மேலே ஒரு விரல் அகலம் மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கறுப்பு. தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இருக்குறதக் கெடுக்க மட்டும் நல்லாத் தெரியுதே ஒங்களுக்கு!" என்று கத்தினேன். நோயாளியிடம் சொல்கிற பேச்சா அது? சொன்ன உடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் பென்சிலைப் போர்வைமேல் வைத்தார். சத்தமில்லாமல் "சரி" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் கையை வீசவில்லை. அந்த வீச்சு நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்பதை விட்டுவிட்டாரே என்று.

பௌர்ணமிப் போயா லீவு நாள் வந்தது. அக்காவும் நானுமாக இவரைப் பிடித்து மெல்ல நடத்திப் பின் காம்பராவில் அடுப்பருகே நாற்காலியில் உட்கார வைத்தோம். வெந்நீரில் உடம்பைத் துடைத்துவிட்டு, அக்கா அவருக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். நான் கட்டில் விரிப்பை மாற்ற முன்னால் வந்தேன். தலையணைக்குக் கீழே அந்தக் கிறுக்கின தாள் இருந்தது. நான் கசக்கி எறிந்ததை, அக்காவிடமோ யாரிடமோ சைகை காட்டி எடுத்து வாங்கி வைத்திருக்கிறார். ஏன்? கெடுத்த படத்தை யாராவது தலைக்குக் கீழே பத்திரப்படுத்துவார்களா?

கோப்பை ஞாபகம் வந்தது. ஒரே கோப்பைதான், நின்று பார்த்தால் ஒன்று, தாழ்ந்து பார்த்தால் வேறொன்று. சன்னலை நான் எங்கே நின்று வரைந்தேன்? சன்னலருகே, என் இரண்டு காலில் நின்று வரைந்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு அவருடைய கட்டிலில் படுத்தேன். அவர் தலை வைக்கிற பள்ளத்திலேயே என் தலையை வைத்து, சன்னலைப் பார்த்தேன்.

கறுப்பு. கம்பிக்குப் பின்னால் சன்னல் முழுக்க என் ஈரப் படங்கு. அதற்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குக் கூரைத் தகரம். மலை இல்லை, பாதை இல்லை, வானம்கூட இல்லை. கிறுக்கின தாளைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அச்சு அசல். தகரத்துக்கு விட்ட வெள்ளைக் கீற்றுகூட அதே அளவு. அவர் என் படத்தைக் கெடுக்கவில்லை, திருத்தியிருந்தார்.

படுத்தபடியே என் இடது கையைத் தூக்கினேன். அந்தப் படங்கை அகற்ற வேண்டுமென்றால் கையை எப்படி அசைக்க வேண்டும்? முகத்துக்கு நேரே, விரல்களைச் சேர்த்து, ஒரு பக்கமாக ஒரு வீச்சு. வெயில் காலத்தில் நான் படங்கைக் கீழே பாறையில் காயப்போடுவேன். மழை பிடித்த பிறகுதான் இஸ்தோப்புக்குக் கொண்டுவந்தேன். மழை பிடித்த வாரத்தில்தான் இவர் வீசத் தொடங்கினார். எல்லாம் என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. அந்தக் கட்டிலில் கிடந்து நான் அடைந்த வெட்கத்தை எந்தப் பென்சிலாலும் வரைய முடியாது.

எழுந்து ஓடிப்போய் படங்கை உருவினேன். கொடிக் கயிற்றையே அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் அடுப்புக்கு மேலே கட்டினேன். "என்னாடி, பேய் புடிச்சிருச்சா?" என்றார் அக்கா. (இன்றைக்கும் என் படங்கு அங்கேதான் காய்கிறது. மலையில் மற்றவர்கள் என்னிடம் கருவாட்டு வாசம் வருகிறது என்கிறார்கள். வரட்டும்.) இவரைத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். தலையைத் தலையணையில் வைத்தார். சன்னலைப் பார்த்தார். மூச்சை நீளமாக விட்டார்.

"சரி," என்றார். அந்த 'சரி'க்கு அர்த்தம் இருந்தது.

நானும் அவர் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, அவருடைய கண் உயரத்தில் என் கண்ணை வைத்துக்கொண்டு சன்னலை மறுபடி வரைந்தேன். அங்கிருந்து மலை முழுதாகத் தெரியவில்லை. நடுத் துண்டுதான் தெரிந்தது, சவுக்கு மரமும் பாதையின் வளைவும் அதற்குக் கீழே கொஞ்சமும். வரைந்து கொடுத்தேன். தள்ளவில்லை, உள்ளங்கையும் வைக்கவில்லை. விரலை நீட்டிப் பாதையின் வளைவில் வைத்துக் குத்தினார். ஏதோ குறைகிறது.

எனக்குப் பழைய ஆர்வம் திரும்பிவிட்டது. என்ன குறையும் அங்கே? எங்கள் லயத்து நாயை வரைந்தேன், இவர் பின்னாலேயே மலைக்குப் போகிற நாய் அது. அழித்துவிடச் சொல்லி ரப்பரைத் தள்ளினார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளை வரைந்தேன். ரப்பர். அந்த ஒற்றையடிப் பாதையில் வராத கொழுந்து லொறியைக்கூட வரைந்தேன். அதற்கு அரைச் சிரிப்பு ஒன்று கிடைத்தது, பிறகு ரப்பர். இருட்டி வந்ததால் அன்றைக்கு விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை புறப்படும்போது கொப்பியை அந்தப் பக்கத்தில் திறந்து அவருடைய இடது பக்கம் வைத்தேன். மேலே பென்சிலை வைத்தேன். "நீங்களே பாத்துக்கங்க. எனக்குப் பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் கூப்புடப் போறாங்க," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பின்னேரம் மடுவக் கொட்டகையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு அந்தப் பாதையில் இறங்கினேன். இருபத்தெட்டு வருஷமாக இறங்குகிற பாதை. சவுக்கு மர வளைவு வந்ததும் நின்று எங்கள் சன்னலைப் பார்த்தேன். அங்கிருந்து பார்க்க அது சின்ன இருட்டுச் சதுரம். உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அவர் விழித்திருந்தார். கொப்பி அவர் நெஞ்சில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன்.

பாதையின் வளைவில், சவுக்கு மரத்தடியில், ஒரு கோடு நின்றது. முன்னால் சாய்ந்த, நடுங்குகிற ஒற்றைக் கோடு. அதன் முதுகில் ஒரு கூடை. இடுப்பிலிருந்து கீழே, தாள் பளபளக்கும்வரை அழுத்தித் தேய்த்த கறுப்பு.

நான் தினமும் அந்த வளைவில் வருவதை அவர் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாது. வெயில் காலம் முழுக்கப் பார்த்திருக்கிறார். மழை வந்ததும் என் கையாலேயே அதை மூடியிருக்கிறேன்.

"கூட இவ்வளவு பெருசாவா இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் என்ன செய்யப்போகிறேன் என்று காத்திருந்தார். அத்தனை நாளும் தாளை நீட்டிவிட்டு நான் அப்படித்தான் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்திருப்பேன்.

கொழுந்துக் கறை போகாத என் இடது உள்ளங்கையை விரித்து, அந்தப் படத்தின்மேல் வைத்தேன்.